தாராவி ஓரத்தில் பிறந்த மண்

மும்பையில், சயானிலிருந்து பாந்திராவுக்குப் போகிற லிங்க் ரோட்டில், தாராவி பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு காடு இருக்கிறது. உபசாரத்துக்காகக் காடு என்று சொல்லவில்லை. ஏறத்தாழ 37 ஏக்கர். ஒரு பக்கம் மித்தி ஆறும் அதன் அலையாத்தி மரங்களும். அக்கரையில் பாந்திரா-குர்லா காம்ப்ளக்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் தாராவியின் தகரக் கூரைகள். நடுவே மகாராஷ்டிர நேச்சர் பார்க். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து வண்ணத்துப்பூச்சி காட்டுவார்கள். பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலருடன் அண்ணாந்து நிற்பார்கள். அங்கே பெரிய அதிசயம் காலடியில் இருக்கிறது. குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு.

எழுபதுகளின் பிற்பாதி வரை அது பம்பாயின் குப்பைமேடு. நகரம் தின்று, உடுத்தி, உடைத்து மிச்சம் வைத்ததையெல்லாம் சதுப்பு நிலத்தில் கொட்டிக்கொண்டே வந்த இடம். 1983-ல், எண்பது வயதைக் கடந்துவிட்ட பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் அங்கே முதல் கன்றுகள் நடப்பட்டன. 1994-ல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றைக்கு நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் வந்து போகின்றன. மரம் நட்டவர்களுக்குப் பெயர் உண்டு, கல்வெட்டும் உண்டு. ஆனால் அந்த மரங்கள் உதிர்த்ததையெல்லாம் வாங்கிக் கருப்பு மண்ணாக்கித் திரும்ப அவற்றின் வேருக்கே ஊட்டியவர்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. அவர்கள் தாமாக வந்தார்கள்.

ஓர் இலை விழுந்தால் என்ன நடக்கிறது? முதல் மழையிலேயே அதிலிருக்கும் சர்க்கரையும் உப்பும் கரைந்து இறங்குகின்றன. அந்த இனிப்புக்கு பாக்டீரியாக்கள் கூடுகின்றன. அடுத்து பூஞ்சை நூல்கள் இலை நரம்புக்குள் புகுகின்றன. மரத்தை மரமாக நிமிர்த்தி வைக்கும் லிக்னின் என்ற பொருளை முழுசாகப் பிரித்துப்போட வல்லவை உலகத்தில் மிகச் சில. வெண்ணழுகல் பூஞ்சைகள் அவற்றில் முதன்மையானவை. அவை மட்டும் இல்லாதிருந்தால் விழுந்த மரங்கள் விழுந்தபடியே அடுக்கிக்கிடக்கும். பூஞ்சை ஊறிய இலையை மரவட்டை கொறிக்கும். மரவட்டையின் எச்சத்தை அதைவிடச் சிறிய பூச்சிகள் தின்னும்; அவற்றின் எச்சத்தை மறுபடி பாக்டீரியா தின்னும். ஒரே இலை எத்தனை வயிறுகள் வழியாகப் போகிறது என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு வயிறும் தன் கூலியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறது. கடைசியில் எஞ்சுவதுதான் மக்கு.

நல்ல மண்ணில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் அதில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கலாம் என்கிறார்கள். பூமியில் வாழும் உயிரினங்களில் பாதிக்கு மேற்பட்டவை மண்ணில்தான் குடியிருக்கின்றன என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாம் திமிங்கலத்தையும் யானையையும் பார்த்துப் படைப்பை வியக்கிறோம். படைத்தவனின் கவனம் பாதிக்கு மேல் வேறெங்கோ இருந்திருக்கிறது.

ஜூனில் மும்பையில் மழை இறங்கும்போது, பத்தாவது மாடியிலிருப்பவரும் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுப்பார். அந்த மண்வாசனையின் பெரும் பங்கு ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள். செய்வது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்க் குடும்பம். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நமக்காகவா அந்த வாசனை? 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று வேறு விவரம் சொன்னது. ஸ்பிரிங்டெயில் என்கிற துள்ளும் நுண்பூச்சி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்று, உடம்பில் ஒட்டிய விதைத்தூளைப் புது இடத்துக்குச் சுமந்து போகிறதாம். பூவுக்கும் வண்டுக்கும் இடையே நடக்கிற அதே வியாபாரம் இருட்டில், நமக்குத் தெரியாமல், பல கோடி ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. நாம் நடுவில் மூக்கை நீட்டி, ஆகா என்கிறோம்.

அதே குடும்பத்திலிருந்துதான் 1943-ல் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார்கள். காசநோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து. காற்றும் வெளிச்சமும் புகாத பத்துக்குப் பத்து அறைகளில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் தாராவியில் காசநோய் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நோய்க்கு மருந்து மண்ணுக்குள் வைக்கப்பட்டிருந்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் பழகவே இல்லை.

மண்புழுவைச் சொல்லாமல் போக முடியாது. டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை 1881-ல் எழுதினார், மண்புழுவைப் பற்றி. மனிதக் குரங்கிலிருந்து பவளத்தீவு வரை எழுதிவிட்டு, கடைசியில் புழுவிடம் வந்து நின்றார். புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்கத் தொட்டியைப் பியானோ மேல் வைத்து வாசித்துப் பார்த்த மனிதர் அவர். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் இந்தப் புழுக்களின் உடம்பு வழியாகப் போய் மேலே வருகிறது என்று கணக்கிட்டார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1891-ல், திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் ஒரு பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவின் முன்னால் நிறுத்திப் பேசவைத்தார். தமிழ்க் கவிதையில் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் கிடைத்த மரியாதை, உழவனுக்கு உழைத்துக்கொடுக்கும் ஒரு புழுவுக்கும் கிடைத்த இடம் அது. டார்வினைப் படித்துத்தான் எழுதினாரோ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. வயலோரம் குந்தி உட்கார்ந்து பார்த்த யாருக்கும் அது தோன்றக்கூடியதுதான்.

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் மண் லிங்கம். பஞ்சபூதத் தலங்களில் பூமிக்கு உரியது. அந்த லிங்கத்துக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, கரைந்துவிடும். மண்ணைக் கடவுளாக வைத்தவர்கள் அது கரையக்கூடிய கடவுள் என்பதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாக நூற்றாண்டுகள் வேண்டும். ஒரு மழைக்காலம் போதும், அதை அடித்துக்கொண்டு போக.

இனி மாட்டுங்காவுக்கு வருவோம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஆஸ்திக சமாஜத்துக்கும் சங்கர மடத்துக்கும் போகும் தெருக்களில் நம்மவர்களின் பூக்கடைகள். மல்லி, கதம்பம், துளசி, வில்வம், வாழை இலை, மாவிலை. சாயங்காலம் கடை கட்டும்போது வாடிய பூ, நார், காம்பு, கிழிந்த இலை என்று ஒரு குவியல் சேரும். கோயிலில் காலையில் சாமி தலையில் இருந்ததும் மறுநாள் காலையில் கச்ரா, அதாவது குப்பை. அதைக் காலில் மிதிக்கக்கூடாது என்று ஓரமாக ஒதுக்கிவைப்பவர்களே அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி லாரியில் ஏற்றுவதையும் தினமும் பார்க்கலாம். நிர்மால்யத்துக்கு உரிய மரியாதை ஒரு மரத்தடியும் கொஞ்சம் சருகும் கொஞ்சம் காற்றும்தான். நாற்பது ஐம்பது நாள் விட்டுவைத்தால் அடுத்த பூச்செடிக்கு அதுவே சோறு.

செம்பூர்ப் பக்கம் இந்த உரக் கதைக்கு இரண்டு முகம். அங்கே ஆர்.சி.எஃப். இருக்கிறது, ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்ட்டிலைசர்ஸ். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து யூரியாவாக்கும் தொழிற்சாலை. யூரியாவைத் திட்டுவது இப்போது எளிது. பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை திட்டாது. ஆனால் ராட்சத அழுத்தத்திலும் நானூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் அந்த ஆலை செய்கிற வேலையை, துவரைச் செடியின் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் சாதாரண வெயிலில் சத்தமில்லாமல் செய்கிறது. அந்த முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் கொடுக்கிற நிறம். பயறுச் செடியிடம் இதை எதற்காகக் கொடுத்துவைத்தார்கள் என்று கேட்டால், ஆக்சிஜனைப் பக்குவமாக அளந்து கொடுப்பதற்கு என்று விஞ்ஞானம் பதில் சொல்லும். வியப்பு அதனால் குறைந்துவிடாது.

இன்னொரு முகம் அணுசக்தி நகர்ப் பக்கம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஷரத் காலே என்ற விஞ்ஞானி ‘நிசர்கருணா’ என்ற உயிரி எரிவாயு முறையை உருவாக்கினார். அதில் போவது சமையலறைக் கழிவு. அரைத்துக் கூழாக்கி, முதல் தொட்டியில் காற்றோடும் சூட்டோடும் பதமாக்கி, அடுத்த தொட்டியில் காற்றில்லாமல் ஊறவிட்டால் மீத்தேன் வாயு அடுப்புக்கு வரும், மிஞ்சுவது உரம். இந்த ஆலைகளில் சிலவற்றை நடத்துகிறவர்கள் 1975-ல் தொடங்கிய பெண்கள் அமைப்பான ஸ்த்ரீ முக்தி சங்கடனாவின் ‘பரிசர் விகாஸ்’ திட்டத்துப் பெண்கள். குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி வாழ்ந்தவர்களை 1998-லிருந்து இந்தத் திட்டம் திரட்டியது. ஓலா கச்ரா (ஈரக் குப்பை), சூக்கா கச்ரா (உலர் குப்பை) என்று மும்பை இன்று வாயால் சொல்கிற பிரிவினையை அதற்கு வெகுகாலம் முன்பே விரலால் செய்தவர்கள்.

ஐரோப்பாவிலும் இதே அக்கறை இப்போது பெரிய திட்டமாகியிருக்கிறது. தங்கள் மண்ணில் 60 முதல் 70 சதவீதம் நலமாக இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் தானே ஒப்புக்கொண்டது. 2030-க்குள் விவசாயிகளும் ஆராய்ச்சியாளர்களும் ஒரே வயலில் சேர்ந்து சோதனை செய்யும் நூறு களங்களை அமைக்க வேண்டும் என்பது இலக்கு. கழிவு எதுவும் வெளியே போகாமல் வயலுக்கே திரும்பும் சுழற்சி விவசாயம் என்பது அவர்களுடைய முழக்கம். நல்ல காரியம். ஆனால் நாம் கைதட்டும்போது கோலாப்பூரை மறக்க வேண்டாம். கணிதம் கற்பித்த ஸ்ரீபாத் தாபோல்கர் அறுபதுகளிலேயே ‘பிரயோக் பரிவார்’ என்று ஒரு குடும்பத்தைக் கூட்டினார். திராட்சை போடுகிற விவசாயியே ஆராய்ச்சியாளர். தன் வயலே சோதனைக்கூடம். கண்டதை அடுத்தவரோடு பகிர்வதே பட்டம். பட்டணத்து மொட்டை மாடியிலும் சருகிலிருந்து மண் செய்யலாம் என்று காட்டியவர் அவர். அந்த வழியில் செய்யும் மண்ணுக்கு ‘அம்ருத் மிட்டி’ என்று பெயர். பசுஞ்சாணம், கோமியம், கொஞ்சம் வெல்லம், தண்ணீர் கலந்து மூன்று நாள் ஊறவைத்த கரைசலில் சருகை நனைத்து அடுக்குவார்கள். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் அமிர்தக் கரைசல் என்று தெளிப்பதும் இதற்கு உடன்பிறப்பு.

அந்த வழியில் மும்பைத் துறைமுகக் கழகத்தின் மத்தியச் சமையல்கூடத்தில், உணவுப் பிரிவு அதிகாரி ப்ரீத்தி பாட்டீல், 2002 வாக்கில் மாடியில் ஒரு தோட்டம் போட்டார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சமைக்கும் இடம். காய்கறித் தோலுக்குப் பஞ்சமில்லை. அதுவே மண்ணாகி, அந்த மண்ணில் காயும் பழமும் காய்த்தன. கீழே கப்பல் சரக்கு இறங்க, மேலே பாத்தியில் மண்புழு தன் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தது.

இத்தனை அற்புதமான ஏற்பாடு இருந்தும் தேவ்நார் குப்பைமேடு எப்படி வந்தது? 1927-லிருந்து கொட்டிய குப்பை. 2016 ஜனவரியில் அது நாள்கணக்கில் எரிந்தபோது புகை விண்வெளிப் படங்களிலேயே தெரிந்தது; செம்பூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினார்கள். அங்கேயும் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தன. காற்றுப் புகாத ஆழத்தில், பிளாஸ்டிக்குக்கு இடையில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் மீத்தேன் விட்டன. நிசர்கருணாவில் சோறு சமைக்கும் அதே வாயு. பிளாஸ்டிக்கை மட்டும் அவற்றுக்குத் தின்னத் தெரியவில்லை. பல கோடி ஆண்டுகளில் யாரும் அதைப் பரிமாறியதில்லை.

மக்கு சரியாக வர ஒரு கணக்கு உண்டு: நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கரி, அதாவது கார்பன், இருபத்தைந்து, முப்பது பங்கு. பச்சைக் கழிவில் கரி போதாது. தனியாக வைத்தால் நாறும். காய்ந்த சருகில் கரி அதிகம். தனியாகக் கிடந்தால் மக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரண்டையும் கலந்து ஈரமும் காற்றும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கைவைக்க முடியாதபடி 60 டிகிரிக்குக் கொதிக்கும். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள் சருகைக் கொட்டுகின்றன. நடந்து போகிற தூரத்தில் பூக்கடைக் குவியல். ஒன்றுக்கு ஒன்று வேண்டிய இரண்டும் காலையில் தனித்தனி மூட்டையாகக் கட்டப்பட்டு, ஒரே லாரியில் நகரத்தின் வடகிழக்கு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.