பெயரெழுதிய தரை: டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் நமக்குச் சொல்வது



அருங்காட்சியகம் என்றதும் அரசர்களின் வாளும் செப்புத் திருமேனிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. விரட்டப்பட்ட ஒரு குடியிருப்பின் மக்கள் தமக்காகவே அமைத்துக்கொண்ட அருங்காட்சியகம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1867இல் கேப் டவுனின் ஆறாவது நகராட்சி வட்டத்துக்கு இடப்பட்ட பெயர் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். துறைமுகத்துக்கு அருகில் இருந்த அந்தப் பகுதியில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், கைவினைஞர், கூலித் தொழிலாளர், சிறுவணிகர், குடியேறியோர் சேர்ந்து வாழ்ந்தார்கள். டச்சுக்காரர்கள் கேப் பகுதிக்கு அடிமைகளாகக் கொண்டுபோனவர்களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களும் உண்டு. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அல்ல.

முதல் வெளியேற்றம் 1901இல் நடந்தது. பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கறுப்பின மக்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். 1966 பிப்ரவரி 11ஆம் நாள், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் அந்தப் பகுதி முழுவதும் வெள்ளையருக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டது. அது சேரி, குற்றங்கள் மலிந்த இடம் என்று அரசு சொன்னது. 1980களின் தொடக்கத்துக்குள் 60,000 பேருக்கு மேல் கேப் ஃபிளாட்ஸ் என்னும் மணல்வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். வீடுகள் தரைமட்டமாயின. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் தப்பி நின்றன.

1994 டிசம்பரில், பழைய மெத்தடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தெருக்களைப் பற்றிய முதல் கண்காட்சியைச் சில வாரங்களுக்கே திட்டமிட்டிருந்தார்கள். மக்கள் வந்துகொண்டே இருந்ததால் அதை மூட முடியவில்லை. இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர், இடிபாடுகளோடு போக வேண்டிய சுமார் 75 தெருப் பெயர்ப் பலகைகளைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அவை அங்கே தொங்கவிடப்பட்டன. தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். வந்தவர்கள் குனிந்து, தம் வீடு இருந்த இடத்தைத் தேடித் தங்கள் பெயரை எழுதினார்கள். வெள்ளைத் துணியில் எழுதிய பெயர்களும் நினைவுகளும் பின்னர் நூலால் தைக்கப்பட்டன. அங்கே காட்சிப்பொருளையும் அதற்கான விளக்கத்தையும் தந்தவர்கள் அந்த மக்களே.

இந்த நினைவு வெறும் ஏக்கமாக நின்றுவிடவில்லை. 1994இல் வந்த நில மீட்புச் சட்டத்தின்கீழ் நிலம் கேட்டவர்கள் தாம் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. 2004இல் முதல் முதியவர்கள் புது வீட்டுச் சாவியைப் பெற்றுத் திரும்பினார்கள். ஆனால் திரும்புதல் மிக மெதுவாகவே நடக்கிறது. காத்திருந்தே இறந்தவர்கள் பலர். நினைவு நிலத்துக்கு ஈடாகாது. நிலம் கேட்பவர் கையில் அது ஒரு சான்று, அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் வருவோம். சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் தலித் மக்கள் பெரும் எண்ணிக்கையினர். இங்கே சட்டத்தில் சாதியின் பெயர் இல்லை. ‘ஆக்கிரமிப்பு’, ‘நதிச் சீரமைப்பு’ என்ற சொற்களே போதுமானவையாக இருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த தெருக்களின் பெயர்ப் பலகைகளை யார் எடுத்து வைத்தார்கள்?

விழுப்புரம் நகரில் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அன்று இருபத்தைந்து வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்ய நமக்கு இருக்கும் காலம் குறைவு.

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள மாணவர்கள் தம் தெருவிலிருந்து தொடங்கலாம். ஒரு பெரிய தாளில் பழைய தெருவை வரையுங்கள். பெரியவர்களை உட்காரவைத்து, கிணறு எங்கே, பள்ளி எங்கே, யார் வீடு எங்கே என்று கேட்டு எழுதுங்கள். பழைய ரேஷன் அட்டை, வீட்டுவரி ரசீது, பட்டா, கல்யாணப் பத்திரிகை, புகைப்படம் ஆகியவற்றைப் படியெடுத்துவிட்டு, அசலை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

‘இங்கே யாரும் குடியிருக்கவில்லை’ என்று நாளை ஒரு கோப்பு சொல்லும்போது, எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.