ஒரு வாயில் அடைபட்டால்...

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர் எவரும் தபால் பையை மறந்திருக்க மாட்டார். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி ஏது? கடிதம் யாவும் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து லயங்களுக்குப் போகும். போனால் உண்டு, போகாவிடின் இல்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் தேர்வு முடிந்த பின்னர் கைக்கு வந்த கதையை மலையகத்தில் கேளாதார் யார்? நூறு குடும்பங்களுக்கு வாயில் ஒன்றே. அது அடைபட்டால் அத்தனை பேரும் ஊமைகளே.

இன்று அந்தப் பையின் வேலையை இணையம் பெரிதும் ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணைய வழியே செல்கிறது. ஆனால் பழைய நோய் தீர்ந்ததா என்பதே நமது ஐயம்.

ஒரு கூடத்தில் இருபது கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். அவை தம்முள் பேசிக்கொள்ளலாம். வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமாயின், ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லி வைத்த ஒரே முகவரிக்கு அதனை ஒப்படைக்கும். அந்த முகவரிக்கு நுழைவாயில் என்று பெயர். அங்கே அமர்ந்திருக்கும் கருவியே ரூட்டர். அது படுத்துவிட்டால் இருபது கணினிகளும் விழித்தபடி வாளாவிருக்கும்.

இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி வைத்தால் தீராதோ என நேயர்கள் வினவலாம். அதனால் மட்டும் தீராது. கணினிகள் அறிந்தது முதல் ரூட்டரின் முகவரியை மட்டுமே. பக்கத்தில் இன்னொன்று இருப்பதை அவை அறியா. இதற்கென 1998இல் வகுக்கப்பட்ட பொது விதிமுறைக்கு வி.ஆர்.ஆர்.பி. என்று பெயர். சிஸ்கோ நிறுவனம் எச்.எஸ்.ஆர்.பி. என்னும் முறையை அதற்கு முன்னரே தன் கருவிகளுக்கென ஆக்கி வைத்திருந்தது. இரண்டின் உட்பொருளும் ஒன்றே: முகவரியை ஆளுக்குக் கொடாமல் பதவிக்குக் கொடுப்பது.

‘பெரிய கங்காணி அவர்கட்கு’ என்று எழுதிய கடிதம், அன்றைக்கு அப்பதவியில் யார் இருக்கிறாரோ அவர் கைக்கே போகுமல்லவா? அதுபோல, இரு ரூட்டர்களும் ஒரு பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். முன்னுரிமை எண் கூடியது தலைமை ஏற்கும். அது வினாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டிருக்கும். மற்றது செவி சாய்த்திருக்கும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து வராவிடின், இன்னும் அரை வினாடியளவு பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைமையைத் தான் எடுத்துக்கொள்ளும். ஆக மூன்றரை வினாடிதான். கணினிகளுக்கு ஆள் மாறியதே தெரியாது.

இத்தனையும் அறிந்து, மாணவருக்குப் போதித்தும் வந்த நாமே ஒருநாள் இதில் வழுக்கி விழுந்தோம். எமது கல்லூரிக் கணினிக் கூடத்தில் இரு ரூட்டர்களை அமைத்திருந்தோம். ஒன்றுக்குக் கம்பி வழித் தொடர்பு. மற்றதற்குக் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வழித் தொடர்பு. அனுமதி விண்ணப்பத்தின் கடைசி நாள் அது. கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மகளோடு வந்திருந்தாள். மாலை நான்கு மணியளவில் மழை வலுத்தது. திரையில் பக்கம் பாதியில் நின்றது.

மூன்றரை வினாடி எண்ணினோம், முப்பது எண்ணினோம், ஐந்து நிமிடமும் கழிந்தது. இரண்டாவது ரூட்டர் அசையவில்லை. காரணம் பின்னரே விளங்கியது. முதல் ரூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு அப்பால், மலைச்சரிவில் எங்கோ கம்பிதான் அறுந்திருந்தது. கருவியோ உயிரோடிருந்து, ‘நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்’ என்று வினாடி தவறாமல் முழங்கிக்கொண்டிருந்தது. துணைக் கருவியும் அதை நம்பிச் சும்மா இருந்தது! பதவியில் இருப்பவர் இருக்கிறாரா என்று கேட்டோமேயன்றி, அவர் வேலை செய்கிறாரா என்று கேட்க மறந்தோம். வெளித்தொடர்பு அறுந்தால் முன்னுரிமை எண் தானாகக் குறையும்படி ஒரு கண்காணிப்பை அமைத்திருக்க வேண்டும். அது நமது பிழை.

அந்தத் தாய் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எமக்கு அதுவே பொறுக்கவில்லை. எழுந்து சென்று முதல் ரூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினோம். ஐந்தாவது வினாடியில் பக்கம் மீண்டும் நகர்ந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நாட்டுக்கே இப்படி ஒரு நாள் வந்ததுண்டு. 2004 ஆகஸ்டில், கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கம்பியைச் சேதப்படுத்தியது. வெளியுலகோடு இருந்த இணையத் தொடர்பிற் பெரும்பகுதி அன்று அறுந்தது. பெரும்பாரத்தை ஒரு கம்பியே சுமந்திருந்ததுதான் காரணம். அடுத்த ஆண்டின் இறுதியில் சீ-மீ-வீ 4 என்னும் மற்றொரு கம்பி பயனுக்கு வந்தது.

மலைநாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு தொடர்பு வாங்கிவிட்டோம் என்று மகிழ்வோம். இரண்டும் ஒரே சாலையோரத்தில், ஒரே கம்பத்தில் வந்துகொண்டிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளை உண்டாக்கியபோது, சாலை, இருப்புப்பாதை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் பல இடங்களில் ஒருங்கே அற்றுப்போயின. ஒரே சரிவை நம்பிய இரு கம்பிகள் கணக்கில்தான் இரண்டு. மின்சாரமும் அவ்வாறே, இரு ரூட்டர்களையும் ஒரே செருகியில் மாட்டி வைத்திருக்கும் அலுவலகங்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

இப்போது எமது கூடத்தில் கண்காணிப்பு அமைத்தாயிற்று. துணை ரூட்டருக்குத் தனி மின்கலமும் உண்டு. மாதத்தின் முதற் சனிக்கிழமை, பாட நேரத்திலேயே, முன்னறிவிப்பின்றிக் கம்பியைப் பிடுங்கிவிடுவது வழக்கம். ரூட்டரின் மின்கம்பியை அன்று. சுவரிலிருந்து வரும் வெளிக்கம்பியை. சென்ற மாதம் மாணவர்கள் உரக்க எண்ணத் தொடங்கினர். ‘நான்கு’ என்று சொல்லி முடிக்குமுன் தொடர்பு திரும்பிவிட்டது.