விரிப்பதை விடச் சுருட்டுவதே முக்கியம்: ஒரு ஆனிங்கின் கதை

உடையார்பாளையத்தில் தாத்தா கட்டிய வீடு மேற்குப் பார்த்த வீடு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் திண்ணையில் கால் வைக்க முடியாது. வருடாவருடம் பங்குனியில் கீற்றுப் பந்தல் போடுவார்கள். கீற்று வேய ஆள் கிடைக்காமல் போன வருடம், சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் கண்டுபிடித்த தீர்வுதான் ஆனிங். கைப்பிடியைச் சுற்றினால் விரியும், திருப்பிச் சுற்றினால் சுருளும் துணிக்கூரை. மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீட்டம்.

இரண்டாவது சித்திரையில், ஒரு ராத்திரி விரித்தபடியே விட்டுவிட்டார்கள். காற்றோடு கோடைமழை. காலையில் பார்த்தால் ஒரு பக்க பிராக்கெட் சுவரைப் பெயர்த்துக்கொண்டு தொங்குகிறது. அதற்கு நேர் கீழே அம்மா சாயங்காலம் உட்காரும் நாற்காலி. நல்லவேளை, ராத்திரி.

முதலில் மாட்டியவர்கள் மேல்தான் கோபம் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிக் கோபம் என் மேலேயே திரும்பியது.

அது பந்தல் இல்லை, பாய்

என் ஆனிங்கின் பரப்பு 6 சதுர மீட்டர். மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ அழுத்தம் தரும். மொத்தம் ஏறத்தாழ 68 கிலோ. இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த விசை சுவரிலிருந்து சராசரியாக ஒரு மீட்டர் தள்ளிச் செயல்படுகிறது. பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. என்றால், நெம்புகோல் கணக்கில் போல்ட்டுகள் மேல் விழும் இழுவிசை மொத்தம் சுமார் 450 கிலோ. இரண்டு பிராக்கெட்டுக்கும் பங்கு போட்டாலும் ஆளுக்கு 225 கிலோ. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அடித்த விரிவு போல்ட் இதை எத்தனை தடவை தாங்கும்?

ரோமாபுரிக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. கொலோசியத்தின் மேல் விளிம்பில் 240 மரக்கம்பங்களை நட்டு, பார்வையாளர்களுக்கு நிழல் தரத் துணிக்கூரை இழுத்தார்கள். அந்த வேலையைக் கடற்படை மாலுமிகளிடம்தான் கொடுத்திருந்தார்கள். காற்று வரும்போது பாயை இறக்கத் தெரிந்தவன் மாலுமிதானே.

இப்போது எங்கள் வீட்டில் போல்ட் சுவரைத் துளைத்துக்கொண்டு போய், உள்பக்கம் இரும்புத் தகட்டில் முறுக்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை போல்ட்டைச் சுற்றிப் பூச்சில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பராமரிப்பு துணியில் இல்லை, சுவரில்தான் ஆரம்பிக்கிறது.

சரிவு

மழைநீர் வழிந்தோட நான்குக்கு ஒன்று சரிவு வேண்டும். இரண்டு மீட்டர் நீட்டத்துக்கு முன்விளிம்பு அரை மீட்டர் தாழ வேண்டும், அதாவது 14 பாகை. எங்கள் வீட்டில் இருந்தது 20 செ.மீ. மட்டுமே. "தாழ்வா இருந்தா நல்லா இருக்காது, தூக்கி வைங்க" என்று போனில் சொன்னது நான்தான். தண்ணீர் தேங்கித் துணி தொப்பை போட்டால், சராசரி ஒரு செ.மீ. ஆழத்துக்கே 60 கிலோ. பாரம் ஏற ஏறத் தொப்பை பெரிதாகும், தொப்பை பெரிதானால் இன்னும் தேங்கும்.

வெயிலுக்கும் சரிவே நல்லது. நம் ஊரில் சித்திரையில் மூன்றேகால் மணிவாக்கில் சூரியன் சுமார் 45 பாகை உயரத்தில் இருக்கும். 2.6 மீட்டர் உயரத்தில் மாட்டிய ஆனிங், 20 செ.மீ. சரிவில் சுவரின் கீழ் 40 செ.மீ.யை வெயிலுக்கு விட்டுவிடும். அரை மீட்டர் சரிவில் 10 செ.மீ.தான். முன்விளிம்பு 2.1 மீட்டரில் நிற்பதால் தலையும் இடிக்காது. நாலேகால் மணிக்குச் சூரியன் 30 பாகைக்கு இறங்கியதும் எந்த ஆனிங்கும் போதாது. முன்விளிம்பில் ஒரு மூங்கில் தட்டியோ பழைய சேலையோ தொங்கவிட வேண்டியதுதான்.

சிமெண்ட் தூசி

அரியலூர் மாவட்டம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்த பூமி. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள். சிமெண்ட் தூசி காரத்தன்மை கொண்டது. பனி ஈரம் பட்டால் துணியில் இறுகும், அலுமினியக் கைகளை அரிக்கும், பாலியெஸ்டர் இழையை நாளடைவில் பலவீனமாக்கும். அக்ரிலிக் துணி இதை இன்னும் நன்றாகத் தாங்கும்.

அதனால் முதலில் உலர்ந்த மென்துடைப்பம், அப்புறம்தான் தண்ணீரும் சோப்பும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். மூட்டுகளுக்கு எண்ணெயோ கிரீஸோ போட்டால் தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உலரும் வகை சிலிக்கான் ஸ்பிரே போதும். கைகளுக்குள் இறுக்கமான ஸ்பிரிங் இருக்கிறது. அதை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள், பல் உடையும்.

ஈரம்

பக்கத்துத் தெருவில் தறி போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் துணியில் இருந்த கரும்புள்ளிகளைப் பார்த்துச் சொன்னார்: "பாவுக்குக் கஞ்சி போட்டா காயவிட்டுத்தான் சுத்துவோம். ஈரத்தோட சுத்துனா போச்சு தம்பி. இதுவும் துணிதானே."

நனைந்த துணியை வேறு வழியில்லாமல் சுருட்டினால், மறுநாள் வெயிலில் விரித்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சைதான். ஒரு பக்கம் மட்டும் தொய்ந்தால், அந்தப் பக்கத்தில் உருளைக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய துணிப்பட்டை வைத்தால் இழுப்பு சமமாகும். முழுக்க விரிந்த பிறகும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனால் துணி தலைகீழாகச் சுருள ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

யார் சுருட்டுவது?

மோட்டார் போட்டு, காற்று உணரியும் வைத்துவிடலாம் என்றுதான் இன்ஜினியர் புத்தி சொன்னது. ஆனால் காற்று வரும்போதுதான் நம் ஊரில் கரண்ட் போகும். கைப்பிடியில் புழுப்பல்லிணை இருப்பதால் வயதானவர்களும் மெதுவாகச் சுற்றலாம், பாதியில் விட்டாலும் பின்னால் நழுவாது.

ஒரே ஒரு விதி வைத்தோம். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் ஆனிங் சுருட்டப்பட வேண்டும், வானம் எப்படி இருந்தாலும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து நேராக மோதும், அதனால் அந்த மாதம் காற்றில்லாத நேரம் மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் உறை போட்டு மூடிவிடுவது.

கீற்றுப் பந்தலுக்கு வருடம் ஒரு நாள் வேலை. ஆனிங்குக்குத் தினமும் இரண்டு நிமிட வேலை. வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் போன் பண்ணினால் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் சொல்வது, "சுருட்டியாச்சுப்பா."