626-வது ரேங்க், 155-வது ரேங்க்கை வீழ்த்தியது எப்படி? மதுரை தக்ஷினேஸ்வர் சுரேஷ் வந்த வழி என்ன?

திண்டுக்கல்லில் யாரிடமாவது "டென்னிஸ் டோர்னமென்ட் எங்க நடக்குது?"னு கேட்டுப் பாருங்க. கை காட்டிய இடத்துக்குப் போனால், அங்கே டென்னிஸ் பாலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். தப்பு சொல்ல முடியாது. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். போட்டி நடக்கும் ஊர் இது. 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையையே தூக்கியது. ராக்கெட் பிடிக்கும் டென்னிஸ் என்றால் அது சென்னைக்காரங்க விளையாட்டு, கிளப் மெம்பர்ஷிப் இருக்கிறவங்க விளையாட்டு என்பதுதான் இந்தப் பக்கத்து நினைப்பு.

அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்த ஒரு நாள், 2025 செப்டம்பர் 12. திண்டுக்கல்லில் இருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் மதுரையைச் சேர்ந்த தக்ஷினேஸ்வர் சுரேஷ், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இந்தியாவுக்காக முதல் டேவிஸ் கோப்பை மேட்ச் ஆடினார். அன்று அவருடைய உலகத் தரவரிசை 626. எதிரே நின்ற ஜெரோம் கிம் 155. அதோடு, கிம் அப்போதுதான் அமெரிக்க ஓபனில் மூன்றாவது சுற்று வரை போய் டெய்லர் ஃபிரிட்ஸுடன் ஆடிவிட்டு வந்திருந்தார்.

முடிவு 7-6, 6-3. ஜெயித்தது மதுரைக்காரர்.

பீல் நகரில் என்ன நடந்தது?

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் டென்னிஸ். இந்தச் சுற்றில் நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர் என மொத்தம் ஐந்து மேட்ச். முதலில் மூன்றை ஜெயிக்கிற நாடு வெற்றி. இந்திய அணியில் தக்ஷினேஸ்வரை விட ரேங்கில் முன்னால் இருந்தவர்கள் இருந்தார்கள். இருந்தும் கேப்டன் ரோஹித் ராஜ்பால் முதல் மேட்ச்சுக்கு இவரைத்தான் இறக்கினார். அன்று காலை டீமைப் பார்த்த பலருக்கும் 'யார் இவர்?' என்பதுதான் முதல் கேள்வி.

முதல் செட் டைபிரேக் வரை போனது. அதை 7-4 என எடுத்தவர், இரண்டாவது செட்டில் ஆளை மூச்சு விட விடவில்லை. ஆறடி ஐந்து அங்குல உயரம். அந்த உயரத்தில் இருந்து சர்வ் இறங்கும்போது பந்து செங்குத்தாக விழுந்து எகிறும். எதிரில் நிற்பவர் தோள் உயரத்துக்கு மேலே பந்தைத் தேட வேண்டியிருக்கும். பீலில் ஆடியது உள்ளரங்கம். காற்று கிடையாது, வெயில் கண்ணில் குத்தாது. பெரிய சர்வ் இருக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

அடுத்த மேட்ச்சில் சுமித் நாகல், மார்க்-ஆண்ட்ரியா ஹூஸ்லரை வீழ்த்த, முதல் நாளே 2-0. மறுநாள் இரட்டையரில் ஸ்ரீராம் பாலாஜி - ரித்விக் ஜோடி மூன்று செட் போராடித் தோற்றது. பிறகு நாகல், அந்த வருட ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் சாம்பியனான ஹென்றி பெர்னெட்டை 6-1, 6-3 என முடித்து வைத்தார். இந்தியா 3-1.

ஐரோப்பிய நாடு ஒன்றை அதன் மண்ணிலேயே இந்தியா தோற்கடித்தது 32 வருடங்களுக்குப் பிறகு இதுதான் முதல்முறை. இதற்கு முந்தையது 1993, பிரான்ஸின் ஃப்ரேஜூஸ் நகரம். ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயஸும் ஆடிய காலம். தக்ஷினேஸ்வர் பிறந்தது 2000-ல்.

அவ்வளவு பெரிய வெற்றி, ரேங்க் எவ்வளவு ஏறியது?

இந்த வெற்றியால் ஒரு இடம் கூட ஏறவில்லை. ஆமாம், ஒன்று கூட இல்லை.

டேவிஸ் கோப்பையில் ஜெயித்தால் இப்போது ஏ.டி.பி. ரேங்கிங் பாயின்ட் கிடையாது. 2009 முதல் 2015 வரை கொடுத்தார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நாட்டுக்காக ஆடலாம், டிவியில் வரலாம், ஊரில் பேனர் வைக்கலாம். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை வரும் பட்டியலில் அந்த வெற்றிக்கு மதிப்பு பூஜ்யம்.

அப்போ ரேங்க் எதில் ஏறும்? கடந்த 52 வாரங்களில் ஆடிய தொழில்முறைப் போட்டிகளில் சேர்த்த பாயின்ட்டுகளில். போன வருடம் இதே வாரம் சேர்த்தது இந்த வருடம் இதே வாரம் கழிந்துவிடும். கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 2000 பாயின்ட். அதற்குக் கீழே ஏ.டி.பி. டூர். அதற்கும் கீழே சேலஞ்சர் போட்டிகள். சேலஞ்சர் 50, 75, 100 என்று பெயரில் இருக்கும் எண்தான் சாம்பியனுக்குக் கிடைக்கும் பாயின்ட். எல்லாவற்றுக்கும் அடியில் ஐ.டி.எஃப். நடத்தும் எம்25, எம்15. ரேங்க் இல்லாத எல்லாரும் தொடங்குவது இந்த எம்15-ல்தான்.

156 டாலர் கணக்கு

எம்15 என்றால் மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். கேட்க நல்லாத்தான் இருக்கும். 32 பேர் ஆடும் ஒற்றையர், கூடவே இரட்டையர், எல்லாருக்கும் சேர்த்து இதுதான். ஒரு வாரத்தில் ஐந்து மேட்ச் ஜெயித்து சாம்பியன் ஆனால் கையில் வருவது 2,160 டாலர். டாலருக்கு 88 ரூபாய் வைத்தால் சுமார் 1.9 லட்சம். பாயின்ட் 15. முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், அதாவது 14,000 ரூபாய்க்கும் கொஞ்சம் கம்மி; பாயின்ட் எதுவும் இல்லை. இதிலும் வரிப் பிடித்தம் உண்டு.

இந்தப் போட்டிகள் வாராவாரம் தொடர்ந்து நடப்பது துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக், துருக்கியின் அந்தாலியா மாதிரி இடங்களில். இந்தியாவிலும் சில வாரங்கள் நடக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி வருடத்தை ஓட்ட முடியாது. ஃப்ளைட் டிக்கெட், விசா, ஒரு வார ரூம், சாப்பாடு, ராக்கெட் நரம்பு கட்டுற காசு, எல்லாம் சொந்தச் செலவு. கோச் கூட வந்தால் அந்தச் செலவு இரட்டிப்பு. இதெல்லாம் போக அந்த 156 டாலரில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்க.

மேலே இருக்கிற கணக்கையும் பக்கத்தில் வைத்தால்தான் இது புரியும். 2025 அமெரிக்க ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,10,000 டாலர். அதற்குள் நுழைய நடக்கும் தகுதிச் சுற்றில் முதல் மேட்ச்சிலேயே தோற்றவருக்குக் கூட 27,500 டாலர், கிட்டத்தட்ட 24 லட்சம் ரூபாய். அந்தத் தகுதிச் சுற்றுக்குள் போக ரேங்க் சுமாராக 220, 230-க்குள் இருக்க வேண்டும். 626-ல் இருந்து அங்கே போய்ச் சேரும் வரை காசு போய்க்கொண்டே இருக்கும், வராது. ஊரில் நல்லா ஆடின பல பேர் 21, 22 வயதில் ராக்கெட்டை மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது திறமை இல்லாமல் இல்லை. அப்பாவின் பி.எஃப். பணம் தீர்ந்து போவதால்தான்.

தக்ஷினேஸ்வர் இதை எப்படிச் சமாளித்தார்?

அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் அணியில் ஆடினார். அங்கே அவர் பெயர் 'டி.கே. சுரேஷ்'. தக்ஷினேஸ்வர் என்று முழுதாகச் சொல்ல அமெரிக்கர்களுக்குப் பொறுமை இல்லை போல. (சொல்லப்போனால் எங்கள் டெஸ்க்கிலேயே அன்று ராத்திரி அவர் பெயரை மூன்று விதமாக அடித்தோம்.) 2025 மே மாதம் டெக்சாஸின் வேகோ நகரில் நடந்த இறுதிப் போட்டியில் டி.சி.யு. அணியை 4-2 என வீழ்த்தி வேக் ஃபாரஸ்ட் என்.சி.ஏ.ஏ. தேசிய சாம்பியன் ஆனது. அந்த அணியில் இவரும் ஒருவர்.

நம்ம ஊரில் காலேஜ் டீம் என்றால் இன்டர் காலேஜ் மீட், ஒரு சர்டிஃபிகேட், ஒரு பிரியாணி. அமெரிக்காவில் அது வேறு. முழு நேர கோச்சுகள், ஜிம், பிசியோ, உள்ளரங்கக் கோர்ட், பந்து முதல் ஷூ வரை எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடும் அதில் வரும். அதாவது 18 முதல் 22 வயது வரை, ஒரு டென்னிஸ் வீரர் அதிகம் செலவழித்து குறைவாகச் சம்பாதிக்கும் அந்த நாலு வருடச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். கடைசியில் கையில் டிகிரியும் இருக்கும்.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். காலேஜ் டென்னிஸ் ஆடும் விதமே டேவிஸ் கோப்பை மாதிரி. மூன்று இரட்டையர் ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் ஒரு பாயின்ட், பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டம் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டில் நடக்கும், ஆளுக்கு ஒரு பாயின்ட். நாலு பாயின்ட் வந்ததும் முடிந்தது. கோச் கோர்ட்டுக்குள் வந்து பேசுவார். அணி நண்பர்கள் கத்துவார்கள், எதிர் அணிக்காரர்கள் அதைவிட அதிகமாகக் கத்துவார்கள். நீ தோற்றால் உனக்கு மட்டும் நஷ்டமில்லை, டீமே தோற்கும். எம்15-ல் மொனாஸ்டிரில் ஆளில்லாத கோர்ட்டில் தனியாக ஆடுகிறவருக்கு இந்தப் பழக்கம் வராது. பீலில் சுவிஸ் ரசிகர்கள் முன்னால் முதல் மேட்ச் ஆடியவருக்கு அந்தச் சத்தம் புதுசாக இருந்திருக்காது.

626 என்ற எண் ஏமாற்றியதும் இதனால்தான். ஜனவரி முதல் மே வரை கல்லூரி சீசன். அதில் எவ்வளவு பலமான ஆளைத் தோற்கடித்தாலும் ஏ.டி.பி. பாயின்ட் கிடையாது. வருடத்தில் பாதி கணக்கிலேயே வராத ஒருவரின் ரேங்க் அவருடைய ஆட்டத்துக்குப் பின்னால்தான் நிற்கும். 2025 அக்டோபரில் உலகமே இதைப் பார்த்தது. ஷாங்காய் மாஸ்டர்ஸில் ஜோகோவிச்சை அரையிறுதியில் வீழ்த்தி பட்டம் வென்ற மொனாக்கோவின் வலென்டின் வாஷெரோவின் ரேங்க் 204. இறுதியில் அவர் தோற்கடித்தது தன் சொந்தக்காரரான ஆர்தர் ரிண்டர்னெக்கை. இருவருமே டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் ஆடியவர்கள். பென் ஷெல்டன், கேமரூன் நோரி எல்லாம் அதே கல்லூரி வழிதான்.

இந்தியாவுக்கும் இது புதிதில்லை. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என இரண்டு வருடம் தொடர்ந்து என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் சாம்பியன். 2007 இறுதியில் அவர் வீழ்த்தியது ஜான் இஸ்னரை. பிறகு உலகின் 62-வது இடம் வரை போனார்.

அப்போ எல்லாருக்கும் இந்த வழி திறந்திருக்கா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'டென்னிஸ் ஆடினா அமெரிக்காவில் ஃப்ரீ படிப்பு' என்று சிலர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2024-25 வரை முதல் பிரிவு கல்லூரிகளில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு 4.5 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அதைத்தான் எட்டு, பத்து பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பெண்கள் அணிக்கு எட்டு. ஆக, திண்டுக்கல்லில் ராக்கெட் பிடிக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகமாகவே இருந்தது. அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 2025-26 முதல் புதிய ஏற்பாட்டுக்குள் வந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 10 பேர் என்ற கணக்கு வந்திருக்கிறது. ஆனால் அதில் எத்தனை பேருக்குப் பணம் தருவது என்பதை அந்தந்தக் கல்லூரிதான் முடிவு செய்யும்.

மார்க்கும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தே மதிப்பெண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். 'ஸ்போர்ட்ஸ் பையன்தானே, பாஸ் ஆனா போதும்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் டோர்னமென்ட் ஆடிவிட்டு அப்புறம் சேரலாம் என்று தள்ளிப்போட்டால், கல்லூரி அணிக்கு ஆடக்கூடிய வருடங்கள் குறையும். கோச்சுகள் முதலில் பார்ப்பது யு.டி.ஆர். எனும் மதிப்பீட்டு எண்ணையும் மேட்ச் வீடியோவையும். கல்லூரி கோச்சுகளின் இமெயில் முகவரி அந்தக் கல்லூரி விளையாட்டு இணையதளத்திலேயே இருக்கும். லட்சக்கணக்கில் கட்டி ஏஜென்ட் பிடிப்பதற்கு முன்னால் நேரடியாக ஒரு மெயில் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் காசு இல்லை.

கல்லூரியில் ஆடும்போது பரிசுப் பணம் வாங்குவதில் கட்டுப்பாடும் உண்டு. அந்த விவகாரம் அமெரிக்காவில் கோர்ட் வரை போயிருக்கிறது. இன்னொரு பக்கம், 2023 முதல் கல்லூரி ரேங்கிங்கில் முதல் 20 இடத்துக்குள் வருகிறவர்களுக்கு சேலஞ்சர் போட்டிகளில் நேரடியாக இடம் கொடுக்கிறது ஏ.டி.பி. அந்த இருபதுக்குள் வந்துவிட்டால் எம்15 வரிசையில் நிற்க வேண்டிய வாரங்கள் கணிசமாகக் குறையும்.

அடுத்தது என்ன?

சுவிஸ் வெற்றியால் இந்தியா 2026 டேவிஸ் கோப்பை தகுதிச் சுற்றுக்குள் வந்துவிட்டது. எதிரணி நெதர்லாந்து, 2024-ல் இறுதி வரை போய் ரன்னர்-அப் ஆன அணி. மேட்ச் 2026 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்தது. அந்த முறை தக்ஷினேஸ்வர் பெயரைப் பார்த்து 'யார் இவர்?' என்று டச்சுக்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அவருடைய சர்வ் வீடியோவை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருப்பார்கள். நேரில் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கும் தூரம் அதிகமில்லை, திண்டுக்கல் ஜங்ஷனில் ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெங்களூரு.