மீதிச் சில்லறை



உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் பணம் கொடுக்கிறோம். மீதியை எண்ணிப் பார்த்தால் குறைகிறது. "ஐந்நூறு கொடுத்தேனே!" என்கிறோம். "இல்லீங்க, இருநூறுதான் கொடுத்தீங்க" என்கிறார் அவர். இருவருமே பொய் சொல்லாமல் இப்படி ஒரு வழக்கு எழலாம். யாரோ ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கே இது நேர்ந்தது. பேருந்து நிலையத்தருகே ஒரு கடை, இரவு நேரம். பில் 140 ரூபாய், கையில் வந்தது 60. ஐந்நூறு கொடுத்ததாக நான் உறுதியாக நின்றேன். குரலும் உயர்ந்தது. அங்கி அணிந்திருந்தேன், என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. முதலாளி 300 ரூபாயை எடுத்துத் தந்துவிட்டார். அறைக்கு வந்து நாட்குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த ஐந்நூறு ரூபாய்த் தாள் அதற்குள் மடங்கிக் கிடந்தது.

மறுநாள் காலையிலேயே திரும்பப் போனேன். அதற்குள் அந்த 300 ரூபாய், கல்லாவில் இருந்த தம்பியின் சம்பளக் கணக்கில் ஏறியிருந்தது. பணத்தைக் கொடுப்பது எளிதாக இருந்தது. பத்துப் பேர் முன்னால் அவரைப் பொய்யர் ஆக்கியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டேன்.

அப்படியானால் குறைந்த பணத்தைக் கேட்கக்கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். நம் உழைப்பின் பணம் அது. ஆனால் கல்லாவை விட்டு நகரும் முன்பே கேட்க வேண்டும். தாளை நீட்டும்போதே "ஐந்நூறு இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. 2017-இல் வந்த 200 ரூபாய்த் தாள் பளிச்சென்ற மஞ்சள். 2019-இல் வந்த புதிய 20 ரூபாய்த் தாளும் பச்சை கலந்த மஞ்சள்தான். மங்கிய வெளிச்சத்தில், கூட்ட நேரத்தில், யார் கண்ணும் ஏமாறும்.

அப்படியும் பேச்சு தீரவில்லையா? கல்லாவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் வைத்த சில்லறையோடு ரொக்கமாக வந்த பில் தொகையைக் கூட்டி, பாலுக்கும் காய்கறிக்கும் கொடுத்ததைக் கழித்தால் பெட்டியில் இருக்க வேண்டிய தொகை தெரிந்துவிடும். அதற்குமேல் 300 ரூபாய் கூடுதலாக இருந்தால் நீங்கள் சொன்னது சரி. கணக்கு நேராக இருந்தால் உங்கள் பையை இன்னொரு முறை பாருங்கள். கூட்ட நேரத்தில் உடனே எண்ண முடியாது என்பார்கள். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரவு கணக்கு முடிக்கும்போது தெரிந்துவிடும்.

குறைந்தால் வாய் திறக்கிறோம். கூடுதலாக வந்தால்? அப்போது மட்டும் சட்டைப்பைக்குள் கை வேகமாகப் போகிறது. தெரிந்தே வைத்துக்கொண்டால் அது ஏழாம் கட்டளைக்கு உரிய காரியம். கடைக்காரர் பெரிய பணக்காரராயிற்றே என்பார் சிலர். இரவில் கணக்கு இடித்தால் அந்தக் குறை பல இடங்களில் முதலாளி தலையில் விழுவதில்லை.

"சாமி, கூடுதலாக வந்த பணத்தை அந்தோணியார் உண்டியலில் போட்டுவிட்டேன், சரிதானே?" என்று பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியேயும் கேட்பவர்கள் உண்டு. கடை மூடிப்போய், உரியவரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம், உண்டியலிலும் போடலாம். கடை அடுத்த தெருவிலேயே திறந்திருக்கிறது என்றால், அந்தோணியாரைத் தொந்தரவு செய்யாமல் அடுத்த தெருவுக்கு நடந்துவிடுங்கள்.