மின்சாரக் காரும் வினா வகையும்

வினா ஆறு வகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று அவற்றை நிரல்படச் சொல்ல மாட்டாத மாணாக்கன் பிரவேச பண்டித பரீட்சையிலே தேறுவது அரிது. ஆயினும், ஆசிரியன் மாணாக்கனை வினாவுவது அறிவினா, மாணாக்கன் ஆசிரியனை வினாவுவது அறியாவினா, இருளிற் கண்டது கட்டையோ ஆளோ என மயங்குவது ஐயவினா என்று ஒப்புவித்துவிட்டு அத்துடன் அவற்றை மறந்துவிடுவதே நம்மவர் வழக்கமாயிருக்கின்றது. இவை தெருவில் நடமாடுவன என்பதில் ஐயமுடையோர், மின்சாரக் கார் ஒன்றை யாழ்ப்பாணத்துச் சந்தியொன்றில் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் அருகே நின்று பார்க்கலாம்.

என்னிடம் தமிழ் கற்றுப் பின்னர் விஞ்ஞான ஆசிரியையாகிய ஒருத்தி 2021ஆம் ஆண்டிலிருந்து அத்தகைய கார் ஒன்றை வைத்திருக்கிறாள். ஜப்பானிலே சில ஆண்டு ஓடிய பின், 2015ஆம் ஆண்டளவில், தீர்வை குறைந்திருந்த காலத்தில் இலங்கைக்கு வந்த பழைய கார்களுள் அதுவும் ஒன்று. அதன் பெயர் இங்கு வேண்டா. கொழும்பிலே ஒருவரிடமிருந்து அதனை வாங்கினாள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். காரோ ஒருமுறை மின்னேற்றினால் அதிற் காற்பங்கும் ஓடாது. ஆதலால் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தனர். லொறியிலிருந்து கார் இறங்கியபொழுது ஒழுங்கையிற் கூடியவர்கள் கேட்ட முதல் வினா, "ஓடாத காருக்கோ பிள்ளை இவ்வளவு காசு குடுத்தனீ?" என்பதாகும்.

பெயரிடுதலிலும் ஒரு வழக்கு எழுந்தது. 'மின்னூர்தி' என்பது அழகிய சொல் என்பது என் எண்ணம். அவளும் இரண்டு நாள் அவ்வாறே சொல்லிப் பார்த்தாள். ஊர் 'கறண்ட் கார்' என்றது. ஊரே வென்றது. பெற்றோலையும் லொறியையும் சைக்கிளையும் மனைக்குள் ஏற்றுக்கொண்ட மொழி, கறண்டை மாத்திரம் படலையில் நிறுத்துதல் முறையாகாது போலும்.

முதலில் வருவன அறியாவினாக்கள். எவ்வளவு தூரம் ஓடும்? எத்தனை மணி நேரம் ஏற்ற வேண்டும்? மழைக்குள் ஓடினால் கறண்ட் அடிக்காதா? இவற்றுக்கெல்லாம் நேர்விடை உண்டு. புதிதாயிருந்த காலத்தில் அக்காரின் பற்றறி 24 அலகு மின்சாரம் கொள்ளும். ஓர் அலகுக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் ஓடும். வீட்டு மின்சாரத்தில் இரவு முழுவதும் பூட்டிவிட்டால் காலையில் நிறைந்திருக்கும். பற்றறி இறுக மூடப்பெற்றது; அதன் மின்சாரம் காரின் உடலோடு தொடர்பின்றித் தனியே ஓடுவது; ஆகவே மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. இவற்றை அவள் நாளொன்றுக்கு நான்கு முறையாவது சொல்லியிருப்பாள். விஞ்ஞான ஆசிரியைக்கு அது பாடஞ் சொல்லும் நேரத்தின் நீட்சியே ஆகும்.

ஓசையின்மை பற்றி மனிதரினும் நாய்களே மிகுதியாக வியந்தன. ஒழுங்கை நடுவிற் படுத்துறங்கும் நம்மூர் நாய், இயந்திர ஓசையைக் கேட்டு, கார் பத்தடி தூரத்தில் வரும்போதே எழுந்து நகர்ந்து பழகியது. இக்காருக்கு அது எழுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு முதல், புதிய வகை மின்சாரக் கார்கள் மெதுவாகச் செல்லும்போது செயற்கையாகவேனும் ஓசை எழுப்ப வேண்டும் என விதித்தது. கண்பார்வையற்றோர் நலங் கருதி எழுந்த விதி அது. நம் ஒழுங்கையில் அவள் கண்ணாடியை இறக்கி, "டேய், எழும்பு" என்கிறாள்.

இனி, ஒரு வினாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "கறண்ட் போனால் என்ன செய்வாய் பிள்ளை?" என்பது அது. அதனைக் கேட்பவர் பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர். கேட்டவுடன் இளைஞர் சிரிக்கின்றனர். பழங்காலத்து மனிதர், ஒன்றும் அறியாதவர் என்பது அச்சிரிப்பின் பொருள். என் கருத்து வேறு. அது அறியாவினா அன்று, அறிவினா.

1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் ஊட்டி எழுப்பப்பட்டு, பின்பு மண்ணெண்ணெயில் ஓடின. அவை போன தெருவைப் புகை காட்டிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு றேடியோச் செய்தி கேட்டனர். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தனர். அக்காலத்தை உடம்பால் அறிந்தவர் ஒருவர், மின்சாரம் பிறர் கையில் உள்ள பொருள் என்பதையும், வந்தது போகக்கூடும் என்பதையும் அறிவார். விடையை அறிந்துகொண்டே, இளையவர் அறிவரோ என்று சோதிக்கிறார். ஆசிரியன் மாணாக்கனை வினாவுதல் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எங்கே தேடுவது?

ஒருநாள் கோயில் வீதியிலே முதியவர் ஒருவர் இவ்வினாவை விடுத்தார். அவள் உடனே, "பெற்றோல் இல்லாமற் போனால் நீங்கள் என்ன செய்வியள் அப்பு?" என்றாள். வினாவுக்கு வினாவே விடையாவதும் நன்னூலார் கூறிய எட்டு வகை விடையுள் ஒன்று. அப்பு சற்றும் தயங்கவில்லை. "மண்ணெண்ணெயிலை விடுவன்" என்றார். கூடி நின்றோர் கைகொட்டினர். அவளும் சிரித்தாள், வேறென் செய்வாள்?

அந்த வாதத்தின் மறுபக்கம் 2022ஆம் ஆண்டிலே வந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜூன் மாத இறுதியிலே அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லை என்றனர். பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. மின்சாரம் வந்த வேளையிற் காருக்கு ஏற்றிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடம் போய்வர 18 கிலோமீற்றர், அதற்கு மூன்று அலகு போதும். வரிசையைக் கடந்து அந்தக் கார் ஓசையின்றிப் போகும்போது தலைகள் எல்லாம் திரும்பின. எவ்வளவு தூரம் ஓடும் என்று அப்பொழுது எவரும் கேட்கவில்லை. "விலைக்குத் தருவியளோ?" என்றே கேட்டனர். இது கொளல்வினா.

வேறொரு வினாவும் அக்காலத்திலே பிறந்தது. "ஊருக்கு வெளிச்சம் இல்லை, உன்ரை காருக்குக் கறண்டோ?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல். இதனைப் பொறாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. மாதம் 60 அலகு செலவிடும் சிறு வீடொன்றுக்கு, அந்தப் பற்றறி கொள்ளும் 24 அலகு பன்னிரண்டு நாளைக்குப் போதும். கேட்டவள் கணக்குப் பார்த்துக் கேட்டாளல்லள். ஆயினும் கணக்கு அவள் பக்கத்திலும் இருக்கின்றது.

அதே வீட்டிலிருந்துதான், ஆடி மாதத்து நள்ளிரவொன்றில், "பிள்ளை, அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகேலாதோ?" என்ற அழைப்பும் வந்தது. வடிவத்தால் வினா, பொருளால் ஏவல். ஓட்டோவுக்கும் எண்ணெய் இல்லாத இரவு அது. மறுநாட் காலையில் மதிலுக்கு மேலாக, "வீட்டிலை தேங்காய் கிடக்கோ?" என்று கேட்டு, விடைக்குக் காத்திராமலே நான்கு தேங்காயை வைத்துவிட்டுப் போனாள் அயலவள். கொடைவினாவுக்கு உதாரணம் கேட்கும் மாணாக்கருக்கு நான் இப்பொழுது இதனையே சொல்லி வருகிறேன்.

இன்னொன்று உண்டு, இது எனக்கு உவப்பானதன்று. காரை ஓட்டுபவள் அவள், வாங்கியவள் அவள், பற்றறியின் உள்ளியல்பை அறிந்தவளும் அவளே. ஆயினும் பக்கத்து ஆசனத்தில் அவளுடைய கணவனோ தம்பியோ இருந்தால் வினாவெல்லாம் அவரை நோக்கியே செல்லும். ஒருமுறை நான் இருந்தேன். ஐம்பதைக் கடந்த தமிழ்ப் பண்டிதனை நோக்கி, "ஐயா, இதுக்கு எத்தனை வோல்ற்?" என்றார் ஒருவர். நான் சாரதியைச் சுட்டிக் காட்டினேன். சுட்டும் ஒரு விடையே என்பதை நன்னூல் படித்தோர் அறிவர்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. மின்சாரக் கார் புதுமை என்று எண்ணுவோர் பலர். 1900ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே செய்யப்பட்ட கார்கள் 4,192. அவற்றுள் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெற்றோலால் ஓடியவை 936 மாத்திரமே. முன்னே நின்று கைப்பிடியைச் சுற்றி எழுப்ப வேண்டிய பெற்றோல் கார் ஆடவர்க்கு உரியது. ஓசையும் நாற்றமும் அற்ற மின்சாரக் கார் பெண்டிர்க்கு உரியது என்று அந்நாட்டார் பகுத்தனர். பெற்றோல் காரை உலகெங்கும் பரப்பிய ஹென்றி போர்டின் மனைவி கிளாராவே டெட்றொயிற் எலெக்றிக் என்னும் மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். 1912ஆம் ஆண்டிலே, கைப்பிடி சுற்றாமல் மின்சாரத்தாலே இயந்திரத்தை எழுப்பும் பொறி கடிலாக் காரிற் பொருத்தப்பட்டது. பெற்றோலும் மலிந்தது. மின்சாரக் கார் மெல்ல மறைந்தது. பெண்ணின் கார் என்ற ஏளனமும் அதன் மறைவுக்கு ஓரளவு துணைபோயிற்று என்பார் உளர். நூறாண்டு கழிந்து அது திரும்பி வந்தபொழுது, ஓட்டுபவளை விட்டுப் பக்கத்தில் இருப்பவனைக் கேட்கும் வழக்கமும் உடன் வந்திருக்கின்றது.

அவளுடைய தமையன் நோர்வேயில் வாழ்கிறான். 2024ஆம் ஆண்டில் அங்கே விற்பனையான புதிய கார்களிற் பத்துக்கு ஒன்பது மின்சாரத்தால் ஓடுவன. அங்கே கார் வைத்திருப்பவனை எவரும் ஒன்றும் கேட்பதில்லையாம். அவன் அதனைப் பெருமையாகச் சொன்னான். எனக்கு அது சற்று வெறுமையாகவே பட்டது.

இங்கோ வினாக்கள் புதிது புதிதாய்த் தளிர்க்கின்றன. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆந் திகதி தனியார் கார்களுக்குத் திறந்தது. சீனத்து மின்சாரக் கார்கள் வரத் தொடங்கின. அதே மாதம் 9ஆந் திகதி பாணந்துறை மின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்றார் அமைச்சர். இலங்கைக்கும் குரங்குக்கும் உள்ள பழைய தொடர்பை அன்று நினையாதார் இல்லை. "கறண்ட் போனால் என்ன செய்வாய்?" என்ற அப்பு அன்று மாலை படலைக்கு வந்து நின்றார். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பிலே ஒரு மாணவன் அவளிடம், "ரீச்சர், புகை இல்லை எண்டுறியள்; நுரைச்சோலையிலை வாற புகை ஆற்றை?" என்றானாம். 900 மெகாவாற்று ஆற்றலுடைய அந்த நிலையம் நிலக்கரியை எரிப்பது. பளையிற் சுழலும் காற்றாடிகளைச் சுட்டிக் காட்டி அவள் பாதி விடை சொன்னாள். மீதியை அடுத்த பாடத்துக்கு வைத்திருக்கிறாள்.

ஐயவினா ஒன்றுதான் அவளை உறக்கத்திலும் விடாதது. காரின் முகப்பிலே பற்றறியின் வலிமையைக் காட்டும் கோடுகள் புதிதில் 12. இப்பொழுது ஒன்பது. வெப்பம் இவ்வகைப் பற்றறிக்குப் பகை; நம் நாட்டில் வெப்பத்துக்குக் குறைவில்லை. இன்னும் எத்தனை ஆண்டு? பற்றறியை மாற்றுவதா, காரை மாற்றுவதா?

அவ்வையம் ஒரு காலையில் முற்றியது. கார் எழவில்லை. முகப்பிலே ஒளி இல்லை. அரை மணிக்குள் ஒழுங்கை நிறைந்துவிட்டது. பெரிய பற்றறி செத்துவிட்டது என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அப்பொழுதே சொன்னோம் என்றார் மற்றொருவர். இப்படியான காலைகளில் 'அப்பொழுதே சொன்னோம்' என்போர் தொகை எங்கிருந்தோ பெருகிவிடுகிறது.

யாரோ போய்ச் சந்தியிலுள்ள கராஜ்காரரை அழைத்து வந்தனர். எழுபதை அணுகியவர். தடைக்காலத்திலே மண்ணெண்ணெய்க் கார்களை உயிரோடு வைத்திருந்த கைகள் அவருடையவை. கார் வந்த புதிதில் அவர் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காபரேற்றர் இல்லை, பிளக் இல்லை, எஞ்சின் ஒயில் இல்லை. இதுக்குள்ளை எனக்கு என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டிருந்தார். அன்று அவளிடம் விடை இருக்கவில்லை. அவ்வினா ஆறனுள் எதில் அடங்கும் என்று என்னைக் கேட்டாள். என்னிடமும் இருக்கவில்லை.

கராஜ்காரர் முன்மூடியைத் திறந்தார். பெரிய பற்றறியை அவர் தொடவில்லை. ஓரத்திலே இருந்த சிறிய 12 வோல்ற் பற்றறியில் மீற்றரை வைத்துப் பார்த்தார். எல்லாக் கார்களிலும் உள்ள அதே ஈயப் பற்றறி. அது நலிந்தால் பெரிய பற்றறி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. தம்முடைய பழைய வானின் பற்றறியிலிருந்து இரண்டு வயர் இழுத்துப் பூட்டினார். முகப்பு ஒளிர்ந்தது. கோடுகள் ஒன்பதும் இருந்தன. கூட்டம் ஒவ்வொருவராய்க் கலைந்தது.

அவர் கூலி வாங்கவில்லை. முன்மூடியை மூடவும் விடவில்லை. உள்ளே போகும் செம்மஞ்சள் நிற வயரைத் தூரத்திலிருந்தே விரலாற் காட்டி, "ரீச்சர், இது எங்கை போகுது?" என்றார். அவள் சொல்லத் தொடங்கினாள். அன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடவேளை பிந்தியே போய்ச் சேர்ந்தாள்.