கடைமடை வரை
(தொடர் – 14)

தண்ணீர் இருக்கிற வருஷங்களில் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பார்கள். அன்றைக்கே கூத்தாநல்லூர் வயலில் தண்ணீர் நிற்காது. கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பைத் தாண்டி, வாய்க்கால் வாய்க்காலாக ஊர்ந்து கடைமடையைத் தொட நாளாகும்.

கணினியில் ‘சேவ்’ கொடுப்பதும் மேட்டூரைத் திறப்பது மாதிரிதான். லெட்சுமாங்குடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இதைக் கண்ணால் கண்டேன். பழைய விலையில்லா மடிக்கணினி, பேட்டரி செத்து சார்ஜரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. திரும்ப ஏற்றிப் பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. “சேவ் குடுத்துட்டேனே தம்பி, எங்க போச்சு?” என்றார் கடைக்காரர். அரை நாள் தட்டச்சு. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போகவில்லை, வந்தே சேரவில்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பலவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. லினக்ஸ், எழுதியதை முதலில் நினைவகத்தில்தான் தேக்கும். வழக்கமான அமைப்பில் அதன் மையமான கர்னல் 5 வினாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, 30 வினாடி பழையதான தரவை வட்டுக்கு அனுப்பும். சில மென்பொருள்கள் உடனே எழுதச் சொல்லி வற்புறுத்தும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

‘ஷட் டவுன்’ கொடுத்தால் நடப்பதே வேறு. இன்றைய லினக்ஸ்களில் இதைப் பெரும்பாலும் சிஸ்டம்டி என்ற நிரல் கவனிக்கிறது. பின்னணியில் ஓடும் சேவைகளில் கடைசியாக எழுந்தது முதலில் ஓய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 என்ற எண்ணுள்ள சைகை போகும்: கையில் இருப்பதை முடித்துக்கொண்டு கிளம்பு. பொதுவாக 90 வினாடி அவகாசம். பிறகும் அசையாததற்கு 9 என்ற சைகை. அதை எந்த நிரலும் மறுக்க முடியாது. அந்த 90 வினாடியில்தான் நாம் பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். தேங்கிய தரவெல்லாம் வட்டுக்கு இறங்கி, வட்டுகள் கழற்றப்பட்டு, கழற்ற முடியாதவை ‘படிக்க மட்டும்’ என்று பூட்டப்படும் நேரம் அதன்பின்தான் வருகிறது.

கடைசியில் கர்னலுக்கு ‘ரீபூட்’ என்ற அழைப்பு, அணைப்பதற்கும் இதே அழைப்புதான். தவறிப்போய் எதுவும் இதைக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று கர்னல் இரண்டு குறிப்பிட்ட எண்களைக் கேட்கும். அதில் ஒன்று 672274793. பதினாறடிமான எண்ணாக மாற்றினால் 28121969, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த தேதி. லினக்ஸ் நிரலில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது.

திரை உறைந்து எதுவுமே கேட்காவிட்டால்? ஆல்ட், சிஸ்ரிக்யூ இரண்டையும் அழுத்தியபடி ஆர், இ, ஐ, எஸ், யு, பி என ஒவ்வொன்றாக, சில வினாடி விட்டுவிட்டுத் தட்டலாம். சில அமைப்புகளில் இதைப் பூட்டியிருப்பார்கள், முன்கூட்டியே பார்த்து வையுங்கள். எஸ் தரவை வட்டுக்குத் தள்ளும், யு வட்டைப் பூட்டும், பி மறுபடி எழுப்பும். எவ்வளவு அவசரமானாலும் எஸ்ஸுக்கு முன்னால் பி-யைத் தொடாதீர்கள்.

(அடுத்த வாரம்: எழும்போது முதலில் கண் விழிப்பது யார்?)